பட்டறைக் கேள்வி பதில்: எவர்சில்வரில் பெயர் வெட்டும் லேசர்

பாத்திரத்தில் பெயர் வெட்டும் மின்பேனாவைக் கீழே வைத்துவிட்டு லேசருக்கு மாறி எட்டு ஆண்டுகள் ஆகின்றன என்று சென்ற இதழில் போகிற போக்கில் எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களே இந்த மாதப் பக்கங்களைப் பிடித்துக்கொண்டன. மோட்டாருக்குக் கம்பி சுற்றுவது பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பாத்திரக்கடை வைத்திருக்கிறோம். முகூர்த்த மாதங்களில் ஒரே நாளில் இருநூறு உருப்படிகளுக்குக்கூடப் பெயர் வெட்டுகிறோம். மின்பேனா பிடித்துப் பிடித்து விரல் நுனிகள் மரத்துப்போகின்றன. இணையத்தில் '40 வாட்' நீல லேசர் மலிவாகக் கிடைக்கிறது. கோவையில் விசாரித்தால் '20 வாட்' ஃபைபர் மெஷினுக்கு அதைப்போல் பல மடங்கு கேட்கிறார்கள். வாட் குறைந்ததற்கு விலை எப்படி அதிகமாகும்?
– கும்பகோணம் வாசகர்

பதில்: முதலில் உங்கள் விரல். என் அப்பாவும் உங்கள் ஊர்க் கடைவீதியில்தான் முப்பது ஆண்டுகள் பெயர் வெட்டினார். அந்தப் பேனாவுக்குள் இருப்பது ஒரு மின்காந்தச் சுருள். நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சைக்கிள். ஒவ்வொரு சைக்கிளிலும் சுருள் இரண்டு முறை இழுப்பதால் ஊசி விநாடிக்கு 100 முறை அடிக்கும். அத்தனை அடியும் பாத்திரத்துக்கு மட்டும் போவதில்லை, பாதி கைக்கு வருகிறது. மார்கழிக் காலையில் அப்பாவின் ஆள்காட்டி விரல் சுண்ணாம்பு தடவியதுபோல் வெளுத்துக் கிடக்கும். காபி டம்ளரைப் பிடித்துச் சூடேற்றிக்கொண்டுதான் வேலைக்கு உட்காருவார். அது நரம்பும் ரத்தக்குழாயும் சேர்ந்து கெடுவது. மெஷின் வாங்குவதற்கு முன்பே மருத்துவரைப் பாருங்கள்.

இனி வாட் கணக்கு. மலிவு விளம்பரங்களில் போடும் 40 வாட் பல நேரம் அந்த மெஷின் இழுக்கும் மின்சாரம். வெளியே வரும் ஒளி ஐந்தரை வாட் இருந்தாலே அதிகம். 'ஒளியின் வெளியீடு எத்தனை வாட்?' என்று எழுத்தில் கேளுங்கள். பதில் சுற்றி வளைத்து வந்தால் விட்டுவிடுங்கள்.

வாட்டை விட முக்கியம் ஒளியின் அலைநீளம். உலோகம் எல்லா ஒளியையும் ஒரே மாதிரி ஏற்பதில்லை. இணையத்தில் நீங்கள் பார்த்த நீல லேசர் டையோடு வகை, அதன் ஒளி சுமார் 450 நானோமீட்டர். மரம், தோல், அட்டை, பெயின்ட் பூசிய தண்ணீர் பாட்டில் ஆகியவற்றுக்கு அது நல்ல பிள்ளை. பத்து வாட்டுக்கு மேல் உண்மையான வெளியீடு இருந்தால் எவர்சில்வரிலும் மெதுவாகக் கறுப்பு விழும். ஒரு டம்ளருக்கு ஐந்து நிமிடம் என்றால் உங்கள் இருநூறு டம்ளர் எப்போது முடியும் என்று பெருக்கிப் பாருங்கள். பித்தளை, செம்பு என்று போனால் கையை விரித்துவிடும்.

அடுத்தது பெயர்ப்பலகைக் கடைகளில் அக்ரிலிக் வெட்டும் கார்பன் டை ஆக்சைடு லேசர். அதைக் கண்டுபிடித்தவர் மகாராஷ்டிரத்துப் பாராமதியில் பிறந்த குமார் படேல். 1964இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் செய்தார். நம்மவர் செய்தது என்பதால் எனக்கு அதன்மேல் தனிப் பிரியம் உண்டு. ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லத்தான் வேண்டும். அதன் ஒளி 10,600 நானோமீட்டர். பளபளக்கும் உலோகம் அதைக் கண்ணாடிபோல் திருப்பி அனுப்பிவிடும். மேலே ஒரு மருந்து தெளித்துச் சுட்டு ஒட்டவைக்கலாம். உணவுப் பாத்திரத்துக்கு அந்த வேலையை நான் செய்வதில்லை.

கண்ணாடி இழைக்குள் ஒளியை உண்டாக்குவது ஃபைபர் லேசர். அதன் ஒளி 1064 நானோமீட்டர். எவர்சில்வர் அதை ஓரளவு உள்ளே வாங்கிக்கொள்கிறது. அதுவும் தொடர்ந்து பாயாமல், ஒரு விநாடியில் கோடியில் ஒரு பங்கு நேரம் நீளும் குட்டிக் குட்டித் துடிப்புகளாகப் பாய்கிறது. ஒவ்வொரு துடிப்பின் உச்ச வலிமையும் பல ஆயிரம் வாட். சராசரி 20 வாட் என்று அட்டையில் எழுதியிருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். உங்கள் பேனா மாதிரிதான், தள்ளுவதில்லை, அடிக்கிறது.

உங்கள் வேலைக்கு 20 வாட் போதும். பித்தளையில் ஆழம் வேண்டும், வெள்ளியும் வரும் என்றால் 30 வாங்குங்கள். 50 வாட் என்பது நாள் முழுவதும் ஆழமாகக் குடைபவர்களுக்கு. 'மோபா' வகை என்று ஒன்றைக் காட்டுவார்கள். துடிப்பின் நீளத்தை நாமே கூட்டிக் குறைக்கலாம் என்பது அதன் சிறப்பு. அனோடைஸ் செய்த அலுமினியத்தில் கறுப்பு, எவர்சில்வரில் நீலம், ஊதா, பொன்னிறம் எல்லாம் அதில் வரும். ஆனால் அந்த நிறங்கள் மைக்ரானுக்கும் குறைந்த ஆக்சைடு படலத்தில் ஒளி விளையாடுவதால் தெரிபவை. கம்பி நார் போட்டு நாலு முறை தேய்த்தால் மயில் காக்கையாகிவிடும். சீர்ப் பாத்திரத்துக்கு வேண்டாத செலவு.

லென்ஸ் விஷயத்தில் நான் ஏமாந்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன். மெஷினோடு வருவது பெரும்பாலும் 110 மில்லிமீட்டர் சதுரத்துக்குள் எழுதும் லென்ஸ். அதன் குவியத் தூரம் 160 மில்லிமீட்டர். 'பெரிய தாம்பாளம் வந்தால் என்ன செய்வீர்கள், 175 லென்ஸ் எடுங்கள்' என்றார் விற்றவர். எடுத்தேன். அதன் குவியத் தூரம் 254. ஒளிப்புள்ளியின் விட்டம் அதே விகிதத்தில் பெரிதாகிறது, பரப்பு இரண்டரை மடங்காகிறது. அதாவது என் 20 வாட் மெஷின், புள்ளி விழும் இடத்தில் 8 வாட் மெஷின்போல நடந்துகொண்டது. எழுத்து சாம்பல் பூத்தது. மறுவாரமே 110க்குத் திரும்பினேன். தாம்பாளம் வந்தால் அதை நகர்த்தி நகர்த்தி எழுதுகிறேன்.

டம்ளருக்குச் சுழல் பிடிப்பான் கட்டாயமா என்றும் கேட்பீர்கள். 7 செ.மீ. விட்டமுள்ள டம்ளரில் 17 மி.மீ. அகலத்துக்கு எழுதினால் நடுப்பகுதியைவிட ஓரம் 1 மி.மீ.தான் தாழ்ந்திருக்கும். அது ஃபோகஸ் தாங்கும். சிறிய பெயருக்கு மரக்கட்டையில் பள்ளம் எடுத்து அதில் டம்ளரைப் படுக்கவைத்தாலே போதும். 'அன்பளிப்பு' என்று தொடங்கி மாமா, அத்தை, பேரன், பேத்தி எல்லோரையும் ஒரே வரியில் எழுதச் சொல்பவர்களுக்குத்தான் சுழல் பிடிப்பான்.

கேள்வி: திறந்த வகை ஃபைபர் மெஷின் வாங்கியிருக்கிறேன். கூடவே ஒரு பச்சைக் கண்ணாடி கொடுத்தார்கள். பொருத்த வந்தவர், 'அந்தச் சிவப்பு ஒளியை நேராகப் பார்க்காமல் இருந்தால் போதும், கண்ணாடிகூட வேண்டாம்' என்றார். சரிதானா?
– திருப்பூர் வாசகர்

பதில்: தம்பி, தவறு. முழுத் தவறு. அந்தச் சிவப்பு ஒளி எழுத்து எங்கே விழும் என்று காட்டும் வழிகாட்டி மட்டுமே. வேலை செய்யும் 1064 ஒளி அகச்சிவப்பு, அதை மனிதக் கண் பார்க்காது. எழுதும்போது பாத்திரத்தின்மேல் வெள்ளையாகப் பொரிகிறதே, அதுவும் லேசர் இல்லை. ஆவியாகும் உலோகம் கொதித்து ஒளிர்வது.

பார்க்க முடியாது என்பதுதான் இதில் உள்ள விஷம். கண்கூசும் வெளிச்சம் வந்தால் கால் விநாடியில் இமை தானாக மூடிக்கொள்ளும். இந்த ஒளிக்கு இமை அசையாது, அதற்குத் தெரிந்தால்தானே மூடும். ஆனால் கண்ணின் முன்பக்கம் இதைத் தடுக்காமல் உள்ளே விட்டுவிடும். விட்டது மட்டுமல்ல, கண்ணின் லென்ஸ் அதைக் குவித்து, ஏறத்தாழ ஒரு லட்சம் மடங்கு அடர்த்தியாக்கி விழித்திரையில் போடும். விழித்திரைக்கு வலி தெரியாது. வெந்த இடம் மீண்டும் முளைக்காது. பார்வையின் நடுவில் ஒரு கறுப்புப் பொட்டு நிற்கும்போதுதான் நடந்தது புரியும். அப்படி ஏதாவது தோன்றினால், 'தூங்கி எழுந்தால் சரியாகும்' என்று வீட்டுக்குப் போகாமல் நேரே கண் மருத்துவமனைக்குப் போங்கள்.

நேராகப் பார்க்காவிட்டாலும் பாத்திரம் திருப்பி அனுப்பும். குடத்தின் வெளி வளைவு ஒளியைச் சிதறடிக்கும், அதனால் கொஞ்சம் கருணை உண்டு. கரண்டியின் குழியும் தட்டின் உட்புறமும் நேர் எதிர். அவை ஒளியைச் சேர்த்துக் குவித்து அனுப்பும். இந்த மெஷின்கள் நான்காம் வகுப்பு லேசர்கள். லேசர் பாதுகாப்பில் அதற்கு மேல் வகுப்பே கிடையாது.

கண்ணாடியின் நிறத்தைப் பார்க்காதீர்கள், எழுத்தைப் படியுங்கள். சட்டத்திலோ கண்ணாடியிலோ 1064ஐ உள்ளடக்கிய அலைநீள வரம்பும், ஓ.டி. என்ற எழுத்துகளோடு 6 அல்லது அதற்கு மேற்பட்ட எண்ணும் அச்சாகியிருக்க வேண்டும். ஓ.டி. 6 என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஒளிதான் உள்ளே போகும். ஐரோப்பியத் தரமான இ.என். 207 முத்திரை இருந்தால் இன்னும் நல்லது. எதுவுமே அச்சாகவில்லை என்றால் அது திருவிழாக் கடைக் கண்ணாடி. நீல டையோடு மெஷினோடு வரும் ஆரஞ்சுக் கண்ணாடி 1064ஐத் தாராளமாக உள்ளே விடும். கூலிங் கிளாஸ் அதைவிட மோசம். இருட்டாக்குவதால் கண்மணி விரிந்து வாசலை இன்னும் அகலமாகத் திறந்து வைக்கும். வெல்டிங் கண்ணாடி உள்பட, மேலே சொன்ன எண் அச்சாகாத எதையும் போட வேண்டாம்.

இவ்வளவு சொன்ன பிறகும், கண்ணாடி இரண்டாவது காவல்தான். முதல் காவல் பெட்டி. மெஷினை முழுக்க மூடும் தகரப் பெட்டி, கதவைத் திறந்த நொடியில் லேசரை நிறுத்தும் சுவிட்ச். அறைக்குள் வருகிற ஒவ்வொருவருக்கும் கண்ணாடி மாட்டிவிட உங்களால் முடியுமா? என்னால் முடியவில்லை. கைப்பேசியை நீட்டிக்கொண்டு வீடியோ எடுக்க ஒரு வாடிக்கையாளர் என் தோளுக்கு மேல் குனிந்தார். நல்லவேளை, கண்ணுக்கு முன்னால் கைப்பேசி இருந்தது. அன்று எடுத்த எல்லாப் படத்திலும் ஊதா நிறத்தில் ஒரு கோடு விழுந்துவிட்டது என்று மறுநாள் சண்டைக்கு வந்தார். கேமராவின் கண் வெந்திருந்தது.

என் சொந்த முட்டாள்தனம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நானே ஒரு பெட்டி செய்தேன். தெளிந்த அக்ரிலிக் தகட்டில், அழகாக, மீன் தொட்டிபோல. பெயர்ப்பலகைக் கடையில் பார்த்த பழக்கம். இரண்டு மாதம் அதற்கு எதிரே நிம்மதியாக உட்கார்ந்து டீ குடித்தேன். சர்வீஸுக்கு வந்த பையன் ஒன்றும் பேசவில்லை. சட்டைப் பையிலிருந்து அகச்சிவப்பு ஒளி பட்டால் மின்னும் சிறிய அட்டையை எடுத்தான். உள்ளே ஒரு எவர்சில்வர் மூடியைச் சாய்த்து வைத்து ஓட்டச் சொல்லிவிட்டு, என் டீ டம்ளர் இருந்த இடத்தில் அட்டையைப் பிடித்தான். அட்டையின் நடுவில் ஒரு பொட்டு துடித்தது. தெளிந்த அக்ரிலிக் 10,600 ஒளியைத் தடுக்கும், 1064க்கு அது திறந்த ஜன்னல். அன்றே தகரம் அடித்து உள்ளே பளபளப்பில்லாத கறுப்புப் பெயின்ட் பூசினேன். எட்டிப் பார்க்க ஒரு சாண் ஜன்னல், 1064க்கென்றே செய்த, ஓ.டி. எண் அச்சான தகட்டில்.

நீங்கள் வாங்கியது திறந்த மெஷின் என்கிறீர்கள். பெட்டி வரும் வரை துணி போட்டு மூடி வையுங்கள். ஓட்ட வேண்டாம்.

கேள்வி: மரத்தைச் சுட்டால்தானே புகை? உலோகத்தில் எழுதுவதற்கு எதற்குப் புகை உறிஞ்சி? அந்தச் செலவை மிச்சப்படுத்தலாமா?
– ஓசூர் வாசகர்

பதில்: நாலு நாள் ஓட்டிவிட்டு லென்ஸைச் சுற்றி வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் வரும் பழுப்பு எது? அந்தப் பாத்திரத்தில் இல்லாமல்போன உலோகம். நல்ல எவர்சில்வரில் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். சூட்டில் குரோமியத்தின் ஒரு பகுதி, புற்றுநோய் தரும் வடிவத்துக்கு மாறக்கூடும். கண்ணுக்குத் தெரியாத நுண்தூளாக அது மிதக்கும். பெரிய புகை என்றால் இருமியாவது தப்பிப்போம்.

துத்தநாகம் பூசிய தகடு இன்னொரு தொல்லை. அதன் புகையைக் காலையில் முகர்ந்தால் சாயங்காலம் குளிர் காய்ச்சல் வரும். வெல்டர்கள் பால் குடித்துவிட்டு வேலை செய்தால் வராது என்பார்கள். பால் உடம்புக்கு நல்லது, அவ்வளவுதான். காட்மியம் பூசிய பழைய போல்ட், பெரிலியம் கலந்த செம்பு இரண்டையும் நான் தொடுவதே இல்லை. எந்த உலோகம் என்று கொண்டுவருபவர் சொல்லத் தெரியாமல் விழித்தால் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். வினைல் ஸ்டிக்கர் ஒட்டிய பொருளை உரிக்காமல் எழுதாதீர்கள். அதிலிருந்து கிளம்பும் வாயு ஈரத்தோடு சேர்ந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலம். உங்கள் மூக்கையும் அரிக்கும், மெஷினின் தண்டவாளத்தையும் அரிக்கும்.

நுண்தூள் வடிகட்டியும் கரி வடிகட்டியும் உள்ள உறிஞ்சி வாங்குங்கள். உறிஞ்சும் வாய் எழுதும் இடத்திலிருந்து ஒரு கை அகலத்துக்குள் இருக்க வேண்டும். கூரையில் மாட்டிய எக்ஸாஸ்ட் ஃபேன் அந்தப் புகையை உங்கள் மூக்கு வழியாகத்தான் மேலே இழுக்கும்.

கேள்வி: தமிழில் பெயர் எழுதினால் எழுத்து கலைந்துவிடுகிறது. என்ன செய்வது?
– விருதுநகர் வாசகி

பதில்: அம்மா, இந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேன். என் முதல் பெரிய ஆர்டர், 'செல்வி' என்று 24 டம்ளர். மெஷினோடு வந்த ஈசிகேட் மென்பொருளில் தமிழை நேராகத் தட்டினேன். ச-வுக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு அதற்குப் பின்னால் போய், ல-வோடு ஒட்டிக்கொண்டு நின்றது. திரையில் எழுத்து சின்னதாகத் தெரிந்ததால் கவனிக்கவில்லை. இருபத்து நான்கும் முடிந்த பிறகு பெண்ணின் அம்மா ஒரு டம்ளரைக் கையில் எடுத்து, 'இது யார் பேருங்க?' என்றார். அந்த டம்ளர்களில்தான் இன்றும் எங்கள் பட்டறையில் டீ.

காரணம் எளிது. கொம்பை முன்னால் கொண்டுவந்து வைக்கும் வேலையைச் செய்ய அந்த மென்பொருளுக்குத் தெரியவில்லை. பெயரை இங்க்ஸ்கேப், கோரல்டிரா போன்ற வரைகலை மென்பொருளில் எழுதுங்கள். எழுத்தைக் கோட்டு உருவமாக மாற்றுங்கள். அதன் பிறகு அது எழுத்தில்லை, படம். படத்தை ஈசிகேட்டுக்கோ லைட்பர்னுக்கோ கொண்டுபோங்கள். ஒரு தாளில் அச்சடித்து வாடிக்கையாளரிடம் கையெழுத்து வாங்கிய பிறகே சாவியைத் திருப்புங்கள். மூன்று மில்லிமீட்டருக்குக் குறைந்த உயரத்தில் ஞ, ழ, ணை எல்லாம் அடைத்துக்கொள்ளும். மெல்லிய எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: லேசரில் கறுப்பாக எழுதிக் கொடுத்த சொம்புகளில் மூன்றே மாதத்தில் எழுத்தைச் சுற்றித் துரு வருகிறது. எவர்சில்வர் துருப்பிடிக்குமா?
– சேலம் வாசகர்

பதில்: பிடிக்க வைத்துவிட்டோம். எவர்சில்வரைக் காப்பது அதன்மேல் தானாகப் படியும் குரோமியம் ஆக்சைடுத் தோல். கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியது. நாம் அதிகச் சூடு கொடுத்தால் அந்தத் தோல் கிழிந்து, அடியில் உள்ள இரும்பு தண்ணீரைப் பார்த்துவிடுகிறது. நிக்கல் குறைந்த 202 ரகத்தில் இது சீக்கிரம் நடக்கும். காந்தம் வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை, நல்ல சரக்கு என்று சொல்லாதீர்கள். 202இலும் பொதுவாகக் காந்தம் ஒட்டாது, நல்ல ரகமான 304இலும் ஒட்டாது.

தோண்டாமல், சூட்டால் மட்டும் கறுப்பாக்கும் முறையைப் பழகுங்கள். என் 20 வாட் மெஷினில் வேகம் விநாடிக்கு 200 மி.மீ., வலிமை 50 சதவீதம், துடிப்பு 80 கிலோஹெர்ட்ஸ், ஃபோகஸிலிருந்து ஒன்றரை மில்லிமீட்டர் விலக்கி வைக்கிறேன். விரலால் தடவினால் எழுத்து தட்டுப்படக் கூடாது. இந்த எண்களை அப்படியே போடாதீர்கள், அதே ரகத்தில் ஒரு பழைய மூடியை எடுத்து, வேகத்தையும் வலிமையையும் மாற்றி மாற்றி 25 கட்டங்கள் போட்டு எது பிடிக்கிறது என்று பாருங்கள். நான் ஒவ்வொரு சரக்குக்கும் தனிப் பக்கம் ஒதுக்கி நோட்டில் எழுதிவைக்கிறேன்.

எழுதி முடித்ததும் மளிகைக் கடையில் கிடைக்கும் லெமன் சால்ட்டை, அதாவது சிட்ரிக் அமிலத்தை, லிட்டருக்கு 50 முதல் 100 கிராம் கரைத்து, கை பொறுக்காத சூட்டில் அரை மணி நேரம் ஊறவைத்துக் கழுவுங்கள். காப்புத் தோல் மறுபடி படிய அது உதவும். கண்டிப்பாக வெளிப்புறம் மட்டுமே எழுதுங்கள். சோறு படும் இடத்தில் எழுதச் சொல்லி எவ்வளவு வற்புறுத்தினாலும் நான் எழுதுவதில்லை.

கேள்வி: பித்தளைக் குத்துவிளக்கில் 'உபயம்' எழுதிக் கொடுக்கிறேன். உளியில் வெட்டியது நாற்பது வருடம் நிற்கிறது, லேசரில் எழுதியது ஒரு வருடத்தில் மங்குகிறது என்கிறார்கள்.
– நாச்சியார்கோவில் வாசகர்

பதில்: கோவிலில் அந்த விளக்குக்குப் புளி போட்டுத் தேய்ப்பார்கள். லேசரின் மேலோட்டமான எழுத்துக்கு எமன் அந்தப் புளிதான். நிறத்தை நம்பாமல் ஆழத்தை நம்புங்கள். குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டு, ஒரே இடத்தில் முப்பது, நாற்பது முறை ஓட்டி, பத்தில் ஒரு மில்லிமீட்டராவது இறக்க வேண்டும். இதற்குத்தான் 30 வாட், 50 வாட். பித்தளையில் துத்தநாகம் உண்டு, உறிஞ்சி ஓடாமல் இந்த வேலை கூடாது. வெள்ளி, செம்பு, பளபளப்பாக மெருகிட்ட பித்தளை எல்லாம் ஒளியை வந்த வழியே திருப்பி, மெஷினில் லேசர் ஒளி பிறக்கும் மூலத்தையே கெடுக்கக்கூடியவை. லென்ஸின் நேர் நடுவில் வைக்காமல் சற்றுத் தள்ளி வையுங்கள்.

அப்புறம் ஒன்று. உங்கள் ஊர் உளி வேலைக்காரரிடம் இன்னும் கை ஓடுகிறது என்றால், கோவில் விளக்கை அவரிடமே கொடுங்கள். மெஷின் வைத்திருக்கும் நானே அப்படித்தான் சொல்லி அனுப்புகிறேன்.

கேள்வி: நகைப் பட்டறை வைத்திருக்கிறேன். லேசர் வாங்கினால் 916 முத்திரையை நானே போட்டுக்கொள்ளலாம் அல்லவா?
– கோவை வாசகர்

பதில்: கூடாது. பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) முத்திரை, தூய்மை எண், நகைக்கு நகை மாறும், எண்ணும் எழுத்தும் கலந்த ஆறு இலக்க அடையாளமான ஹெச்யூஐடி மூன்றையும் பிஐஎஸ் அங்கீகரித்த மதிப்பீட்டு மையம்தான் பொறிக்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் இந்த ஆறு இலக்கம் இல்லாமல் ஹால்மார்க் நகையை விற்க முடியாது. வாங்குபவர் 'பிஐஎஸ் கேர்' செயலியில் எண்ணைத் தட்டினால் குட்டு வெளிப்பட்டுவிடும். மோதிரத்தின் உள்ளே காதலி பெயரை எழுதுங்கள், அதற்கு யாரும் கேட்க மாட்டார்கள்.

கேள்வி: பம்பு உதிரிகளுக்கு ஜாப் ஒர்க் செய்கிறேன். வார்ப்பு இரும்பில் போடும் டேட்டா மேட்ரிக்ஸ் குறியீட்டை (க்யூஆர் போன்ற கட்டக் குறியீடு) நிறுவனத்தின் ஸ்கேனர் படிக்க மறுக்கிறது.
– கோவை, கணபதி வாசகர்

பதில்: வார்ப்பு இரும்பின் முகம் அம்மைத் தழும்பு முகம். அதன் குழிகளையும் ஸ்கேனர் கறுப்புக் கட்டமாக எண்ணிக்கொள்கிறது. முதலில் குறியீட்டைவிடப் பெரிய சதுரத்தை வேகமாக ஓட்டி வெளிர் நிறமாகச் சுத்தம் செய்யுங்கள். அதன்மேல் கறுப்புக் கட்டங்களைப் போடுங்கள். நான்கு பக்கமும் குறைந்தது ஒரு கட்ட அளவு வெற்றிடம் வேண்டும். க்யூஆர் என்றால் நான்கு கட்டம். பெரும்பாலானோர் ஓரத்தில் பார்ட் நம்பரை நெருக்கி எழுதி அந்த வெற்றிடத்தைத் தின்றுவிடுகிறார்கள். முதல் உருப்படியை எண்ணெய் துடைக்காமலும் ஒருமுறை ஸ்கேன் செய்து பாருங்கள், நிறுவனத்தில் அப்படித்தான் எடுப்பார்கள்.

கேள்வி: வீட்டிலேயே சிறு தொழிலாகத் தொடங்க ஆசை. நான்கு வயதுப் பையன் இருக்கிறான். வீட்டில் வைக்கலாமா? வாங்கப் போகும்போது என்ன கேட்க வேண்டும்?
– ஈரோடு வாசகி

பதில்: திறந்த மெஷின் என்றால் வேண்டாம், பேச்சே இல்லை. முழுக்க மூடிய, லேசர் பாதுகாப்பில் முதல் வகுப்பு, அதாவது ஆபத்து மிகக் குறைந்த வகுப்பு, என்று முத்திரையுள்ள மெஷினாக இருந்தால், கதவுள்ள தனி அறையில் வைக்கலாம். புகைக் குழாய் வெளியே போக வழி இருக்க வேண்டும். மூன்று முள் பிளக்கில் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துச் சோதியுங்கள். நம் பழைய வீடுகளில் மூன்றாவது துளை பல இடங்களில் வெறும் அலங்காரம்.

கடைக்குப் போகும்போது உங்கள் வீட்டுப் பாத்திரத்தையே எடுத்துப் போங்கள். அவர்கள் வைத்திருக்கும் மாதிரித் தகட்டில் எல்லா மெஷினும் அழகாகத்தான் எழுதும். உங்கள் டம்ளரில், தமிழில், உங்கள் கண்முன் எழுதச் சொல்லுங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போதே கதவைத் திறக்கச் சொல்லுங்கள். லேசர் அந்த நொடியில் நிற்க வேண்டும். 'அந்த சுவிட்சை நாங்கள் கழற்றி வைத்திருக்கிறோம், வேலைக்கு வசதி' என்று சிரித்தால், டம்ளரை வாங்கிக்கொண்டு அடுத்த கடைக்குப் போங்கள். மூலத்தின் உத்தரவாதம் எத்தனை ஆண்டு, கெட்டால் யார் வந்து பார்ப்பார், எந்த ஊரிலிருந்து வருவார் என்பதை ரசீதின் பின்னால் எழுதி வாங்குங்கள்.

மெஷினில் ஸ்கூட்டர்போல ஒரு சாவி இருக்கும். பலர் அதை வாங்கிய நாளிலிருந்து கழற்றுவதே இல்லை. பையன் இருக்கும் வீடு, வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள். நான் என்னுடையதை வீட்டுச் சாவிக்கொத்தில் கோத்து வைத்திருக்கிறேன். ஒருமுறை அதை மறந்து வெளியூர் கல்யாணத்துக்கு எடுத்துப் போய்விட்டேன், பட்டறையில் இரண்டு நாள் வேலை நின்றது. பட்டறைப் பையன்கள் என் அப்பாவின் பழைய மின்பேனாவைத் தூசு தட்டி எடுத்து, அவசர ஆர்டர் ஒன்றை அதிலேயே வெட்டிக் கொடுத்திருந்தார்கள். எழுத்து கொஞ்சம் கோணல்தான். வாடிக்கையாளர் கையால் தடவிப் பார்த்துவிட்டு, இதுதான் நன்றாக இருக்கிறது என்று வாங்கிப் போனாராம்.